அமுக்குவது யாருக்காக?

சென்ற இதழில் வானொலி ஒலியைச் சீர்படுத்தும் கருவிகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். உரத்த ஒலிதான் நல்ல ஒலி என்று நம்புகிறவர்களை அதில் கொஞ்சம் சீண்டியிருந்தேன். அதன் பலனாகக் கேள்விகள் குவிந்துவிட்டன. பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். திட்டி எழுதியவர்களுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் சிறிய நிலையத்தில் கம்ப்ரஷரும் லிமிட்டரும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. இரண்டுமே உரத்த ஒலியைக் குறைக்கத்தானே செய்கின்றன? ஒன்றே போதாதா? (நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவர்)

செய்கிற வேலை ஏறக்குறைய ஒன்றுதான். எஜமானர்கள்தான் வேறு. கம்ப்ரஷர் கேட்பவரின் காதுக்காக உழைக்கிறது. லிமிட்டர் ஒலிபரப்பிக்காகவும் (டிரான்ஸ்மிட்டர்) அதைக் கட்டுப்படுத்தும் விதிகளுக்காகவும் உழைக்கிறது. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் எந்தக் குமிழை எவ்வளவு திருப்புவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

நீங்கள் வைத்த வரம்பைக் குரல் 8 டெசிபல் தாண்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 4-க்கு 1 என்ற விகிதத்தில் அமைந்த கம்ப்ரஷர் அந்த எட்டை இரண்டாக்கி அனுப்பும். வரம்புக்குக் கீழே இருப்பதை அது தொடாது. பிறகு மொத்த அளவையும் சற்று ஏற்றிவிட்டால், முணுமுணுப்பும் கேட்கும், கத்தலும் காதைக் கிழிக்காது. லிமிட்டருக்கு இந்தப் பேரம் கிடையாது. 10-க்கு 1, 20-க்கு 1, அதற்கும் மேல் என்று அதன் விகிதம் போகும். தாண்ட விடுவதில்லை என்பதே அதன் கொள்கை. அதற்காக அது மிக வேகமாக வேலை செய்ய வேண்டும். கம்ப்ரஷர் சில மில்லி விநாடி தாமதித்துக் கை வைத்தாலும் குற்றமில்லை. லிமிட்டர் அப்படித் தாமதித்தால் உச்சம் அதற்குள் வெளியே போய்விடும்.

போனால் என்ன என்று கேட்பீர்கள். பண்பலையில், ஒலியைச் சுமந்து செல்லும் ஊர்தி அலை தன் அதிர்வெண்ணிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை ஒலி அலையின் உயரம்தான் முடிவு செய்கிறது. வழக்கமான எல்லை இரு பக்கமும் 75 கிலோஹெர்ட்ஸ். அதைத் தாண்டினால் பக்கத்து நிலையத்தின் எல்லைக்குள் நுழைகிறீர்கள். வானொலிப் பெட்டிகளின் வடிகட்டிகளும் அந்த அகலத்தை விழுங்க முடியாமல் ஒலியைச் சிதைக்கும். மத்திய அலையில் கதை இன்னும் கடுமை. அங்கே ஒலிக்கேற்ப ஊர்தி அலையின் உயரமே ஏறி இறங்கும். கீழ்நோக்கிய உச்சம் 100 விழுக்காட்டைத் தொட்டால் ஊர்தி அலையே அந்தக் கணத்தில் அற்றுப்போகிறது. அதற்கும் கீழே தள்ளினால் அலை வெட்டுப்பட்டு, அந்த வெட்டிலிருந்து தெறிக்கும் இரைச்சல் அக்கம்பக்கத்து அலைவரிசைகளில் எல்லாம் விழும். மேல்நோக்கி இந்தச் சிக்கல் இல்லை. அதனால்தான் அமெரிக்க விதிகள் மேல்பக்கம் 125 விழுக்காடு வரை அனுமதிக்கின்றன.

வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் 1937-இல் 110ஏ என்ற லிமிட்டரைக் கொண்டுவந்தது இந்தக் காவல் வேலைக்காகத்தான். உரத்துக் கேட்கச் செய்வது அதன் துணை விளைவு. பிற்பாடு துணை விளைவே தொழிலாகிவிட்டது.

கேள்வி: வீட்டில் இசைத்தட்டில் கேட்கும் அதே பாடல் வானொலியில் வரும்போது பாடகரின் மூச்சு பெரிதாகவும் டிரம் சிறிதாகவும் கேட்கிறது. என் காதில் கோளாறா? (இசை ரசிகர்)

காது நன்றாகவே இருக்கிறது. அந்த மூச்சை மட்டும் எடுத்துக்கொண்டு என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

பாடகர் ஒரு வரியை உச்சத்தில் முடிக்கிறார். அந்தக் கணத்தில் கருவி ஒலியை 10 டெசிபல் கீழே அழுத்திப் பிடித்திருக்கிறது. வரி முடிந்தது, ஒலி விழுந்தது. இனி அழுத்த ஒன்றுமில்லை என்று கருவி பிடியைத் தளர்த்துகிறது. அது தளர எடுக்கும் நேரம் கால் விநாடி என்றால், அந்தக் கால் விநாடிக்குள் அளவு 10 டெசிபல் மேலே ஏறிவிடும். சரியாக அந்த இடத்தில்தான் பாடகர் அடுத்த வரிக்கு மூச்சு இழுக்கிறார். விளைவு, மூச்சு உங்கள் காதோரம் கேட்கிறது. செய்தி வாசிப்பில் இதே இடத்தில் தாள் புரளும் ஒலியும் குளிர்சாதனக் கருவியின் முனகலும் ஏறி வரும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையில் அறையே மூச்சு விடுவதுபோல் இருக்கும்.

இதற்கு மருந்து உண்டு. உள்ளே வரும் ஒலி ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் கருவி பிடியை இருந்த இடத்திலேயே உறைய வைத்துவிடும் வசதி நல்ல கருவிகளில் எல்லாம் இருக்கிறது. அதை அணைத்து வைத்திருப்பார்கள். அணைத்தால் சற்று உரக்கக் கேட்கிறதாம்!

டிரம் விஷயம் வேறு. டிரம்மின் உயிர் அதன் முதல் அடியில், முதல் சில மில்லி விநாடிகளில் இருக்கிறது. வேகமான லிமிட்டர் அந்த முனையைத்தான் முதலில் கவ்வும். எஞ்சுவது பின்னால் வரும் முழக்கம் மட்டும். முழு ஒலியையும் ஒரே கருவி அழுத்தினால் இன்னொரு தொல்லையும் சேரும். அடித்தளத்தில் விழும் ஒவ்வொரு பெரிய அடிக்கும் பாடகரின் குரலும் சேர்ந்து அமுங்கும், மறுபடி எழும். எழுபதுகளில் இதற்கு ஒரு வழி பிறந்தது. ஒலியைத் தாழ், நடு, மேல் என்று பட்டைகளாகப் பிரித்துத் தனித்தனியே அழுத்தினார்கள். டோரோ நிறுவனத்தின் டிஏபி 310 என்ற கருவி மூன்று பட்டைகளோடு வந்து பெயர் பெற்றது. டிரம் அடித்தால் தாழ்பட்டை மட்டும் குனியும், குரல் நின்ற இடத்தில் நிற்கும்.

இதிலும் ஒரு விலை உண்டு. பட்டைகள் தனித்தனியே உயர்ந்து தாழ்வதால், பாடலைப் பதிவு செய்தவர் கவனமாக வைத்த குரலும் கருவிகளும் சேர்ந்த கலவை மாறிவிடும். மெல்லிய பின்னணி வயலின் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு நிலையத்தின் எல்லாப் பாடல்களும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் கேட்பது இதனால்தான். சில நிலையங்கள் அதைத் தங்கள் முத்திரை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றன. எனக்கு அந்தப் பெருமை விளங்கியதில்லை.

கேள்வி: என் குரலில் 'ஸ', 'ச' வரும் இடங்கள் மட்டும் ஒலிபரப்பில் கிழிகின்றன. ஸ்டுடியோவில் கேட்டால் சுத்தமாக இருக்கிறது. மைக்கை மாற்ற வேண்டுமா? (அறிவிப்பாளர்)

மைக்கின் மேல் பழி போடாதீர்கள். பண்பலையில் இரைச்சல், ஒலியின் மேல் அதிர்வெண்களில்தான் அதிகம் குடியிருக்கும். அதை அடக்க, அனுப்பும் இடத்தில் மேல் அதிர்வெண்களை உயர்த்தி அனுப்புவார்கள். வானொலிப் பெட்டி அதே அளவுக்குத் தாழ்த்திக்கொள்ளும். தாழ்த்தும்போது இரைச்சலும் சேர்ந்து தாழும். அழகான ஏற்பாடு. இந்த உயர்வின் அளவை மைக்ரோ விநாடியில் சொல்வார்கள். அமெரிக்காவில் 75, ஐரோப்பா உட்படப் பல நாடுகளில் 50. ஐம்பது என்றால் 15 கிலோஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 14 டெசிபல் உயர்வு. எழுபத்தைந்து என்றால் 17.

இந்த ஏற்பாட்டை வகுத்த காலத்தில் இசையிலும் பேச்சிலும் மேல் அதிர்வெண் குறைவாகவே இருந்தது, அதனால் உயர்த்தினாலும் இடம் போதும் என்று கணக்கிட்டார்கள். இன்று வாயருகே வைத்த மைக்கும் மின்னணு இசையும் அந்தக் கணக்கைப் பொய்யாக்கிவிட்டன. உங்கள் 'ஸ' ஸ்டுடியோ மீட்டரில் அடக்கமாகத் தெரியும். உயர்த்தப்பட்ட பிறகு அதுதான் மொத்த ஒலியிலும் உயரமான முள். லிமிட்டர் அதைக் கண்டதும் ஒன்று மேல் அதிர்வெண்களை மட்டும் குறைக்கும், இல்லையேல் முனையை வெட்டும். குறைத்தால் 'ஸ' மழுங்கும். வெட்டினால் கிழியும். உங்கள் நிலையத்தில் வெட்டுகிறார்கள்.

மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றே பக்கவாட்டில் வைத்துப் பேசிப் பாருங்கள். மிக்சரில் குரலுக்குத் 'தெளிவு' கூட்டுகிறேன் என்று மேல் அதிர்வெண்ணை ஏற்றியிருந்தால் அதை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். சீறலை மட்டும் அடக்கும் டீ-எஸ்ஸர் இருந்தால், ஒலிபரப்புக் கருவிக்கு முன்னால் மைக்கின் பாதையிலேயே வையுங்கள். அப்புறமும் கிழிந்தால் பொறியாளரிடம் போய்ச் சண்டை போடலாம், நியாயம் உங்கள் பக்கம்.

கேள்வி: சென்ற இதழில் உரத்த ஒலியைக் கேலி செய்தீர்கள். அலைவரிசைகளைத் திருப்பிக்கொண்டே போகிறவர் உரக்கக் கேட்கும் நிலையத்தில்தான் நிற்பார். தொழில் நடத்திப் பார்த்தால் உங்களுக்குத் தெரியும். (நிலைய மேலாளர், கோபத்துடன்)

உங்கள் வாதத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஒலிபரப்பு எல்லையின் ஓரத்தில், இரைச்சலுக்கு நடுவே கேட்பவருக்குச் சராசரி அளவை உயர்த்தி அனுப்புவது உண்மையான உதவி. ஓடும் காருக்குள் இன்ஜின் சத்தத்துக்குக் கீழே போகும் மெல்லிய பகுதிகளும் அப்படித்தான். கம்ப்ரஷனே இல்லாத வானொலி வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

மறுபாதிக்கு வருவோம். உங்கள் உரப்பு எங்கிருந்து வருகிறது என்று பொறியாளரைக் கேளுங்கள். முதல் சில டெசிபல்கள் மெதுவான கம்ப்ரஷரிலிருந்து வரும், அவற்றால் யாருக்கும் கெடுதல் இல்லை. கடைசி இரண்டு டெசிபல்கள் கிளிப்பரிலிருந்து வரும். அது அலையின் முனையை அப்படியே சீவி எறியும் கருவி. சீவிய ஒவ்வொரு முனையும் மூலத்தில் இல்லாத புதிய அதிர்வெண்களைப் பெற்றுப்போடும். உடனே தெரியாது. பத்து நிமிடம் கழித்துக் கேட்பவர் காரணம் தெரியாமலே ஒலியைக் குறைப்பார், அல்லது வேறு நிலையத்துக்குப் போவார். நிற்க வைத்ததைக் கணக்கெடுக்கும் நீங்கள் போனதையும் கணக்கெடுக்கிறீர்களா?

அலுவலக அறையில் பழைய அமைப்பையும் புதிய அமைப்பையும் மாற்றி மாற்றிப் போட்டுக்காட்டித்தான் பெரும்பாலும் இந்த முடிவுகளை எடுப்பார்கள். உரக்க ஒலிப்பது எதுவோ அது ஜெயிக்கும். மனிதக் காது அப்படிப்பட்டது. அடுத்த முறை இரண்டையும் சம உரப்பில் வைத்துக் கேளுங்கள். எது சோர்வு தருகிறது என்று அப்போது சொல்லுங்கள்.

ஐரோப்பாவில் சில நாடுகள் இந்த ஓட்டப்பந்தயத்துக்குக் கோடு கிழித்துவிட்டன. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐடியூ) ஐடியூ-ஆர் பிஎஸ்.412 பரிந்துரையைச் சட்டமாக்கிய நாடுகளில் உச்சத்தை மட்டும் அளந்து விடுவதில்லை. எந்த 60 விநாடியை எடுத்தாலும், ஊர்தி அலையில் ஒலியை ஏற்றும் பண்பேற்றத்தின் சராசரித் திறன், 19 கிலோஹெர்ட்ஸ் விலக்கம் தரும் ஒரு சைன் அலையின் திறனைத் தாண்டக் கூடாது. அங்கே கிளிப்பரை முறுக்கினால் சராசரி ஏறும், ஏறியதும் மொத்தத்தையும் இறக்கியாக வேண்டும். முறுக்குவதில் லாபம் இல்லை என்றானதும் பலர் தாமாகவே நிறுத்திவிட்டார்கள்.

கேள்வி: நான் இசையமைக்கிறேன். வானொலியில் உரக்கக் கேட்க வேண்டும் என்று என் பாடலை, வெளியிடுமுன் இறுதி வடிவம் தரும் மாஸ்டரிங்கிலேயே லிமிட்டரால் நன்றாக அழுத்தி அனுப்புகிறேன். சரிதானே? (இளம் இசையமைப்பாளர்)

தவறு. நீங்கள் எவ்வளவு அழுத்தி அனுப்பினாலும் நிலையத்தின் கருவி எல்லாப் பாடல்களையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்துவிடும். உங்களுக்கு மிஞ்சுவது சிதைவு மட்டும்.

அதற்கும் மேலே ஒன்று நடக்கிறது. மனிதக் குரலின் அலை சமச்சீரானதல்ல. ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் குள்ளமாகவும் இருக்கும். உயரமான பக்கம் முதலில் எல்லையைத் தொட்டுவிடும் என்பதால், பல ஒலிபரப்புக் கருவிகள் அலையின் கட்டத்தை (ஃபேஸ்) சுழற்றி இரு பக்கத்தையும் சமமாக்குகின்றன. பேச்சுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் தலை தட்டையாகச் சீவப்பட்ட உங்கள் பாடல் உள்ளே போனால், மேசையின் ஒரு காலைத் தூக்கினால் ஒரு மூலை எழுவதுபோல் அந்தத் தட்டைத் தலைகள் சாய்ந்துகொள்ளும். அழுத்திச் சேமித்த உயரம் மறுபடி முளைத்துவிடும். லிமிட்டர் அதை இன்னொரு முறை அழுத்தும். அழுத்தாமல் வந்த பாடலைவிட உங்களுடையது சிறியதாகவும் கரகரப்பாகவும் ஒலிபரப்பாகும். ஒலிபரப்புக் கருவிகளை வடிவமைத்த ராபர்ட் ஆர்பனும் ஃப்ராங்க் ஃபோட்டியும், போட்டியாளர்களாக இருந்தும், சேர்ந்து உட்கார்ந்து இதை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார்கள். மாஸ்டரிங் செய்கிறவர்களில் எத்தனை பேர் படித்தார்களோ.

வானொலிக்கென்று இறுதி லிமிட்டர் இல்லாத ஒரு பிரதியைத் தனியாகக் கொடுங்கள். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாகக் கொடுங்கள். நிலையத்திலிருந்து ஒலிபரப்பி வரைக்கும் உள்ள வழியில் இன்னொரு தரவுச் சுருக்கம் காத்திருக்கலாம். இரண்டு சுருக்கங்கள் அடுக்கானால், முதலாவது மறைத்து வைத்த குறைகளை இரண்டாவது வெளியே இழுத்துப்போடும்.

கேள்வி: ஒலிபரப்பாகும் ஒலியை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பேசினால் என் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. (பயிற்சி அறிவிப்பாளர்)

இன்றைய லிமிட்டர்கள் வரப்போகும் உச்சத்தை முன்கூட்டியே பார்த்துத் தயாராகின்றன. அப்படிப் பார்க்க ஒலியைச் சில மில்லி விநாடி தாமதிக்க வேண்டும். உங்கள் குரல் உங்கள் எலும்பு வழியாக உடனே காதுக்கு வந்துவிடுகிறது, ஹெட்போன் வழியாகச் சற்றுப் பிந்தி வருகிறது. இரண்டும் மோதிச் சில அதிர்வெண்கள் அழிந்துபோகின்றன. குழாய்க்குள் பேசுவதுபோல் கேட்பது அதனால்தான். தாமதம் இன்னும் கூடினால் எதிரொலியாகி நாக்கே குழறும். பல கருவிகளில் தாமதம் குறைந்த மானிட்டர் வெளியீடு ஒன்று தனியாக இருக்கும். அதை ஹெட்போனுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். சத்தத்தைக் கூட்டிச் சமாளிக்காதீர்கள், காது போய்விடும்.

கேள்வி: பண்பலைக் கருவியிலிருந்து வருவதையே இணைய ஒலிபரப்புக்கும் கொடுத்துவிடலாமா? (சமுதாய வானொலித் தன்னார்வலர்)

கூடாது. பண்பலைக்கான உயர்த்தலும் அதற்காகச் செய்யும் வெட்டும் இணையத்தில் எந்தத் தேவைக்கும் உதவாது. கிளிப்பர் பெற்றுப்போட்ட அந்தப் புதிய அதிர்வெண்களையும் இசை என்று நம்பி, ஒலியைச் சுருக்கி அனுப்பும் கோடெக் அவற்றுக்கும் பிட்களைச் செலவழிக்கும். பிட்கள் குறைவான இணைப்பில் குரலுக்கு மிஞ்சுவது தண்ணீருக்குள்ளிருந்து வரும் சலசலப்புதான். இணையத்துக்கு மெதுவான கம்ப்ரஷரும் முன்பார்வை லிமிட்டரும் போதும், கிளிப்பர் வேண்டாம்.

அங்கே அளவுகோலும் வேறு. உச்சத்தை அல்லாமல் உரப்பையே அளக்கும் முறையை ஐடியூ 2006-இல் பிஎஸ்.1770 என்று வகுத்தது. அதை வைத்து ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் ஆர்128 பரிந்துரையில் நிகழ்ச்சிகளுக்கு -23 எல்யூஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) என்ற இலக்கை வைத்தது. இணைய ஒலிபரப்புகள் பொதுவாக அதைவிட உயர்ந்த இலக்கை வைத்துக்கொள்கின்றன. நீங்கள் எந்த எண்ணை எடுத்தாலும் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் அதையே வையுங்கள், உச்சத்துக்கு மேலே 1 டெசிபலாவது இடம் விடுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டர் மென்பொருளே இதையெல்லாம் செய்யாதா?

செய்யும், சில நன்றாகவே செய்யும். ஆனால் ஒலிபரப்பிக்கு முன்னால் நிற்கும் கடைசிக் காவலை அந்தக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துவிட்டு, அதிலேயே மின்னஞ்சலும் பார்க்காதீர்கள்.

கேள்வி: எங்களிடம் ஒரு மைக்கும் ஒரு சாதாரண கம்ப்ரஷரும்தான் இருக்கின்றன. எண்களாகச் சொல்லுங்கள், அப்படியே வைத்துக்கொள்கிறோம். (மாணவர் வானொலிக் குழு)

எண்கள் சொல்கிறேன், ஆனால் அவற்றைவிடக் கம்ப்ரஷரின் மீட்டர் முள்ளைப் பாருங்கள். விகிதம் 3-க்கு 1. பிடிக்கும் வேகம் 5 முதல் 10 மில்லி விநாடி. விடும் வேகம் 150 மில்லி விநாடி அளவில் தொடங்குங்கள். மிக்சரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள். மேசையைத் தட்டும் ஓசையும் மூச்சுக் காற்றின் முட்டலும் கம்ப்ரஷரை வீணாகத் தூண்டாது.

இனி வரம்பு. ஒருவரை உட்கார வைத்து வழக்கம்போல் பேசச் சொல்லுங்கள். சோதனைக்காக 'ஒன்று, இரண்டு' சொல்ல வேண்டாம், யாரும் எண்ணுவதுபோல் பேசுவதில்லை. ஒரு செய்தியை வாசிக்கச் சொல்லுங்கள். அழுத்தத்தைக் காட்டும் முள் சாதாரணப் பேச்சில் 4 முதல் 6 டெசிபல் வரை சாய வேண்டும், சிரித்தால் 10-ஐ எட்டலாம். வாக்கியம் முடிந்து அவர் நிறுத்தும்போது முள் பூஜ்யத்துக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாமல் பாதியிலேயே தொங்கிக்கொண்டிருந்தால் வரம்பைத் தாழ்வாக வைத்துவிட்டீர்கள், சற்று உயர்த்துங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் முள் துடித்தால் விடும் வேகம் அதிகம், விடும் நேரத்தைக் கூட்டி 200, 250 மில்லி விநாடி என்று வையுங்கள்.

அடுத்து மெல்லிய குரல் உள்ளவரை உட்கார வையுங்கள். முள் அசையவே அசையாது. உடனே வரம்பில் கை வைக்காதீர்கள். மைக்கின் கெயினை ஏற்றுங்கள், அல்லது நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போடச் சொல்லுங்கள். கம்ப்ரஷரின் குமிழ்கள் ஆளுக்கு ஆள் மாறத் தொடங்கினால், ஒரு வாரத்தில் எது எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. சரியான இடங்களை ஒரு காகிதத்தில் எழுதிக் கருவியின் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். ஒலிபரப்பி அருகே லிமிட்டர் ஒன்று இருக்கும். பண்பேற்ற மீட்டரை வைத்துப் பொறியாளர் அமைத்தது அது. அதன் கதவைத் திறக்காதீர்கள்.